பழைய .303 வேட்டைத் துப்பாக்கி: சீரமைப்பதா, பயன்படுத்திய வேறொன்றை வாங்குவதா?

கனடாவின் நாட்டுப்புறத்து வீடு ஒன்றின் நிலவறையைத் துப்புரவாக்கும்போது, பழைய போர்வையில் சுற்றி வைத்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று வெளிப்படுவது அபூர்வமன்று. பல வேளைகளில் அது .303 லீ-என்ஃபீல்டாக இருக்கும். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரில் காவலர்களின் தோளில் பார்த்துப் பழகிய அதே துப்பாக்கிதான் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், படைகளுக்குத் தேவையற்றுப்போன லீ-என்ஃபீல்டுகள் கனடாவில் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் முன்கட்டையை வெட்டிக் குறைத்து, சிலர் குழலையும் குறுக்கி, மான் வேட்டைக்கும், மூஸ் என்ற பெரிய மானினத்தின் வேட்டைக்கும் ஏற்ற இலகுவான ஆயுதமாக அதை மாற்றிக்கொண்டார்கள். இவ்வாறு மாற்றப்பட்டவற்றை இங்கே 'ஸ்போர்ட்டர்' என்பார்கள். வடக்கின் உறைபனியில் 1947 முதல் அண்மைக்காலம் வரை கனடிய ரேஞ்சர் படையினர் நம்பியிருந்ததும் லீ-என்ஃபீல்டுதான் என்பதால், இதன் வலிமையைப் பற்றி ஐயப்பட வேண்டியதில்லை. ஐயம் எழ வேண்டியது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணக் கணக்கை மட்டும் பார்த்தால் சீரமைப்பு பெரும்பாலும் தோற்கும். துப்பாக்கிப் பழுதாளரின் கூலியையும், தேடிப் பிடிக்க வேண்டிய பாகங்களின் விலையையும், குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்தும் செலவையும் கூட்டினால், அந்தத் தொகைக்கே நல்ல நிலையிலுள்ள பயன்படுத்திய போல்ட் ரைபிள் (போல்ட் எனும் உருளைப் பூட்டைக் கையால் முன்பின் நகர்த்தித் தோட்டா ஏற்றுவது) ஒன்று கிடைத்துவிடும். குழலின் உட்புறம் நன்றாக இருந்து, போல்ட் பூட்டும் இடம் அளவு தவறாமல் இருந்து, அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த மனிதரோடு உங்களுக்கு ஒரு பிணைப்பும் இருந்தால் மட்டுமே சீரமைப்பில் இறங்குங்கள். முதல் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், பிணைப்பு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், அதைக் கொண்டு வேட்டைக்குப் போக எண்ணாதீர்கள். கட்டையின் கீறலும் மேற்பரப்பின் துருவும் இந்த முடிவில் இடம்பெறவே கூடாதவை. ஆனால் முதன்முறையாகப் பார்ப்பவரின் கண் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

சட்டத்தை முதலில் முடித்துக்கொள்வோம். கனடாவில் நீண்ட துப்பாக்கிகளைப் பதியும் முறை 2012இல் நீக்கப்பட்டாலும், உரிமம் இல்லாமல் இத்தகைய துப்பாக்கியை வைத்திருக்கவோ வாங்கவோ முடியாது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்துத் தேறிய பின்னரே பீ.ஏ.எல். எனப்படும் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2022 மே 18 முதல், சாதாரண வேட்டைத் துப்பாக்கிகள் அடங்கும் 'கட்டுப்பாடற்ற' வகைத் துப்பாக்கியைக் கைமாற்றும்போதும், வாங்குபவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று துப்பாக்கிப் பதிவாளரிடம் உறுதிசெய்து, அதற்கான குறிப்பு எண்ணைப் பெற வேண்டும். உரிமம் இல்லாத நிலையில் பாட்டனாரின் வீட்டில் துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுத்தால், அதைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படாமல், உள்ளூர்க் காவல் நிலையத்தையோ மாகாணத்தின் தலைமைத் துப்பாக்கி அலுவலரையோ தொலைபேசியில் அழைத்து வழி கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும், குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, தோட்டாக்கள் அடுக்கப்படும் மகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறைக்குள் கண்ணாலும் சுண்டு விரலாலும் தேடிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளாக மூலையில் கிடந்த துப்பாக்கிக்குள்ளும் தோட்டா இருந்திருக்கிறது.

அடுத்து முத்திரைகளைப் படியுங்கள். லீ-என்ஃபீல்டின் இரண்டாம் உலகப் போர்க்கால வகையான நம்பர் 4 துப்பாக்கியின் இடப்புறத்தில் செய்த இடமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 'லாங் பிராஞ்ச்' என்றிருந்தால், ரொறன்ரோவுக்கு மேற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த போர்க்காலத் தொழிற்சாலையில், 1941க்குப் பின்னர் பல இலட்சக் கணக்கில் செய்யப்பட்டவற்றுள் ஒன்று என்று அறியலாம். 'யூ.எஸ். பிராப்பர்ட்டி' என்றிருந்தால் அது அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் செய்தது. கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூரில் செய்தவையும் சில வேளைகளில் கண்ணில் படும். இஷாப்பூரில் 1960களில் தொடங்கிச் செய்யப்பட்ட 2ஏ, 2ஏ1 வகைகள் வெளித்தோற்றத்தில் .303 போலவே இருந்தாலும் அவை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு உரியவை. ஆகையால் பெயரை ஊகித்துத் தோட்டா வாங்காதீர்கள். டீ.பி. என்ற இரண்டு எழுத்துகள் எங்காவது அடிக்கப்பட்டிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட துப்பாக்கி. அதைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

போல்ட்டின் கைப்பிடி வேரிலுள்ள எண்ணும் துப்பாக்கியின் உடலிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் யாரோ எங்கோ ஒரு போல்ட்டை எடுத்துச் செருகியிருக்கிறார் என்று பொருள். அத்தகைய துப்பாக்கியில் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் இடையிலான அளவு, கட்டாயம் சோதிக்கப்பட வேண்டும். .303இல் படைத்துறை ஏற்ற கீழெல்லை 0.064 அங்குலம், மேலெல்லை 0.074 அங்குலம். இதை அளவுக்கட்டை வைத்திருக்கும் பழுதாளரே செய்யட்டும். நம்பர் 4இன் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டு, எண் கூடக் கூடச் சற்று நீளமாகச் செய்யப்பட்டவை. அளவு சற்றே தளர்ந்திருந்தால் அடுத்த எண்ணுள்ள தலையை மாற்றிப் போட்டுச் சரிசெய்யலாம். 3ஆம் எண் தலை ஏற்கெனவே இருந்தும் அளவு தவறினால், அந்தத் துப்பாக்கிக்கு எளிய வழி எதுவும் மிஞ்சவில்லை.

லாங் பிராஞ்சிலும் சாவேஜிலும் செய்த நம்பர் 4 மார்க் 1 நட்சத்திர வகையில் இன்னொரு நுட்பமான குறை உண்டு. போல்ட் தலையைக் கழற்றுவதற்காக, அது ஓடும் தண்டவாளம் போன்ற விளிம்பில் முன்புறமாக ஒரு சிறு வெட்டு விடப்பட்டிருக்கும். அந்த வெட்டின் ஓரம் காலப்போக்கில் உடைந்து போனால், வேகமாகப் போல்ட்டை இழுக்கும்போது அதன் தலை தடம்விட்டு மேலே துள்ளும். கைவிளக்கை அருகில் பிடித்து, அந்த ஓரம் கூர்மையாக இருக்கிறதா, பல் உடைந்ததுபோல் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகுதான் குழல். போல்ட்டை வெளியே எடுத்து, எண்ணெய் தோய்த்த துணித்துண்டை ஒருமுறை செலுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கறுத்துக் கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், பல ஆண்டுப் புகைக்கரியும் செம்புப் படிவும் கழுவினால் போய்விடும். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறத்தில் வெட்டிய சுழல் வரிகளின் விளிம்புகள் கூராகத் தெரிகின்றனவா என்பதே முக்கியம். வரிகள் ஐந்தாக இல்லாமல் இரண்டாக இருந்தால் அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். போர்க்கால அவசரத்தில் இரண்டு வரிக் குழல்களும் செய்யப்பட்டன, அவை நன்றாகவே சுடும். குழலுக்குள் ஓரிடத்தில் கறுப்பு வளையம் போல் ஒரு நிழல் விழுந்தால், எப்போதோ உள்ளே அடைப்பு இருந்தபோது சுட்டு, அந்த இடம் உப்பியிருக்கிறது. அத்துடன் ஆய்வை நிறுத்திவிடலாம். குழல்முனையையும் கூர்ந்து பாருங்கள். படைவீரர்கள் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்துத் துடைத்ததால், கயிறு ஒரு பக்கமாக உரசி, முனைத் துளை முட்டை வடிவில் தேய்ந்துபோன துப்பாக்கிகள் ஏராளம்.

உட்புறத்துக் குழிகளுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய படைத் தோட்டாக்கள். அவற்றின் பற்றவைப்பு மருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கியது. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர் கரைக்கும். அன்றிரவே வெந்நீர் ஊற்றிக் கழுவியவரின் துப்பாக்கி இன்றும் பளபளக்கிறது. நுண்ணிய குழிகள் பரவலாக இருந்தாலும் சுழல் வரி கூராக இருந்தால், 100 மீட்டருக்கு உட்பட்ட மான் வேட்டைக்கு அக்குழல் உதவக்கூடும். சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வாங்குவது நல்லது என்று தெரிந்தால்

குழல் போய்விட்டது, அல்லது பிணைப்பு ஏதும் இல்லை, வரும் நவம்பரில் மான் வேட்டைக்கு நம்பகமான ஒரு துப்பாக்கி வேண்டும், அவ்வளவுதான் என்றால் தயங்காமல் பயன்படுத்திய ஒன்றை வாங்குங்கள். .308 அல்லது .30-06 தோட்டாவுக்குரியதைத் தேர்ந்தால், சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். .303 எல்லாக் கடைகளிலும் எல்லாக் காலத்திலும் அடுக்கில் இருக்கும் என்று எண்ண முடியாது. 1958இல் அறிமுகமான சாவேஜ் 110, 1962இல் அறிமுகமான ரெமிங்டன் 700, பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா ஆகியவை பழைய துப்பாக்கிச் சந்தையில் எளிதில் கிடைப்பவை. ரெமிங்டன் 700இல் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ விசையமைப்பைச் சீர்செய்வதற்காக நிறுவனமே 2014இல் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்துத் துப்பாக்கியானால் அந்தப் பணி முடிந்ததா என்று வரிசை எண்ணைக் கொண்டு கேட்டறியுங்கள்.

விசைக்கு அடியிலுள்ள கைப்பிடியை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் வகையை விரும்புவோர் வின்செஸ்டர் 94ஐத் தேடுவார்கள். 1964இல் அதன் தயாரிப்பு முறை செலவைக் குறைக்கும் நோக்கில் மாற்றப்பட்டதால், அதற்கு முற்பட்டவற்றுக்கு விலை கூடுதல். அந்த மாற்றத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் உடலுக்குப் பயன்படுத்திய உலோகக் கலவை வழக்கமான நீலப்பூச்சை ஏற்காது. மேற்பூச்சு உதிர்ந்த ஒன்றை மலிவாக வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். .30-30 தோட்டாக்கள் அதன் குழாய் மகசினில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னாலிருக்கும் தோட்டாவின் குண்டுமுனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பற்றவைப்பு மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆகவே கடினமான கூர்முனைக் குண்டுள்ள தோட்டாவை அதில் போடவே கூடாது.

விற்பவரின் முன்னிலையில் திருகாணிகளின் தலைகளைப் பாருங்கள். அவை சிதைந்திருந்தால் உள்ளேயும் தேராத கை விளையாடியிருக்கிறது. விற்பவர் இசைந்தால் கட்டையிலிருந்து உலோகப் பகுதியைக் கழற்றிப் பாருங்கள், ஏனென்றால் மழையில் நனைந்த துப்பாக்கியின் துரு மரம் மூடிய கோட்டுக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். காலி அறையோடு போல்ட்டை வேகமாக மூடியும், பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை அழுத்திப் பின் பூட்டை எடுத்தும் பாருங்கள். தோட்டாவை அடிக்கும் ஊசி தானாக விழுந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சீரமைக்கத் தீர்மானித்தால்

எனக்கு வேட்டையைக் கற்றுத்தந்த அயலவர் ஒருவர் இறந்தபின், அவருடைய மனைவி தந்த லாங் பிராஞ்ச் ஸ்போர்ட்டர்தான் நான் சீரமைத்த முதல் துப்பாக்கி. மகசினுக்குச் சற்று முன்னால், துப்பாக்கி ஒரு கையில் சமநிலையாகத் தொங்கும் இடத்தில், அவர் நாற்பது ஆண்டுகள் பிடித்து நடந்ததால் மரம் கறுத்து, எண்ணெய் குடித்து, கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். நானோ எல்லாவற்றையும் புதிதாக்கும் ஆசையில் கட்டையை உப்புத்தாளால் தேய்த்தேன். உலோகத்தை நீலப்பூச்சுக்காக ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில், லாங் பிராஞ்ச் என்ற எழுத்துகளும் ஆண்டும் கரைந்து, விரலால் தடவினாலும் தெரியாத அளவுக்கு மழுங்கிப்போயின. அவருடைய கை பட்ட தடம் இன்று அந்தத் துப்பாக்கியில் எங்கும் இல்லை. அதன் பிறகு நான் சீரமைப்பு என்று சொல்வதெல்லாம், துருவை நிறுத்துவது, மரத்தின் வறட்சியைப் போக்குவது, இயங்கும் பாகங்களைப் பாதுகாப்பாக இயங்கச் செய்வது ஆகிய மூன்றை மட்டுமே.

குறுக்கப்பட்ட ஸ்போர்ட்டரை மீண்டும் முழு இராணுவ வடிவத்துக்குக் கொண்டுவரும் ஆசையையும் இந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. நீண்ட முன்கட்டை, கைக்காப்பு மரம், பட்டைகள் என்று தனித்தனியாக வாங்கினால் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். தொலைநோக்கிக்காக உடலில் துளையிடப்பட்டிருந்தால், எவ்வளவு செலவழித்தாலும் சேகரிப்பாளர்கள் அதை முழுமையானதாக ஏற்க மாட்டார்கள்.

வேலையைத் தொடங்கும்போது, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணியின் வெட்டில் இடைவெளியின்றிப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள். அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியை, முன்கட்டையைக் கழற்றாமல் ஒருபோதும் திருகாதீர்கள். பழைய நம்பர் 1 வகையில் அந்தத் திருகாணியின் சதுர நுனி முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பிணைந்திருப்பதால், அது திரும்பும்போது முன்கட்டையின் பின்பகுதி விறகுபோல் பிளந்துவிடும். நம்பர் 4இலும் இதே வரிசையைப் பின்பற்றினால் இழப்பு ஒன்றுமில்லை.

குழலைப் பின்புறத்திலிருந்து, தோட்டா அறையின் வழியாகவே துடையுங்கள். கரைப்பானில் நனைத்த வெண்கலத் தூரிகையைச் செலுத்தி, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் துணித்துண்டுகளைத் தள்ளினால் முதலில் கரியும் பின்னர் செம்பின் பச்சை நீலமும் வரும். துண்டு வெண்மையாக வெளிவரும்வரை இதை நாட்கணக்கில் செய்ய நேரலாம். என் அனுபவத்தில், கைவிடப்பட்ட குழல் என்று பலர் ஒதுக்கியவற்றுள் சில இந்தப் பொறுமையால் மட்டுமே மீண்டிருக்கின்றன.

வெளிப்புறத் துருவுக்கு உப்புத்தாளை எடுக்காதீர்கள். எண்ணெய் ஊற்றி ஒருநாள் விட்டு, நான்கு சுழி எண்ணுள்ள மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால், செந்துரு கரைந்து, அடியிலுள்ள பழைய பூச்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும். துரு பரவலாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. எண்ணெய்ப் பசை நீக்கிய உலோகப் பாகத்தைச் சுத்தமான நீரில் கொதிக்கவிட்டால், செந்துரு உறுதியான கறுப்பு ஆக்சைடாக மாறும். உதிரும் தூளை மென்மையாகத் துடைத்து எண்ணெய் பூசினால், பழைமையோடு ஒத்துப்போகும் கறுமை நிறம் கிடைக்கும். உலோகத்திலிருந்து எதையும் சுரண்டி எடுக்காததால் முத்திரைகளுக்குக் கேடு வராது.

மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால், அதன்மேல் ஈரத்துணியை மடித்து வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடிகள் அழுத்துங்கள். சீறி எழும் நீராவி நசுங்கிய நார்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்யும். மூன்று நான்கு முறை செய்தால் ஆழமான பள்ளமும் மேலெழும்பி வரும். நார் அறுந்த வெட்டுக்கு இது பயன்படாது. பிறகு ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகளாக எடுத்து, உள்ளங்கை சூடேறும் வரை தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னர் அடுத்ததைப் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுவதால், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு, விறைத்து உலர்ந்த பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

முழு நீள இராணுவக் கட்டையில் முன்கட்டையின் நுனி குழலைச் சற்று மேல்நோக்கித் தாங்கும்படி பொருத்தப்பட்டிருக்கும். வெட்டிய கட்டையில் அந்தத் தாங்கல் இல்லை. மரம் குழலை ஓரிடத்தில் தொட்டும் இன்னோரிடத்தில் தொடாமலும் இருந்தால், குழல் சூடேறும்போது குண்டு விழும் இடம் நகரும். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் செருகி இழுத்து, சிக்கும் இடத்தில் மட்டும் மரத்தைச் சிறிது சீவிவிடுங்கள்.

முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன், நீங்களே எல்லாவற்றையும் பார்த்திருந்தாலும், பழுதாளரிடம் ஹெட்ஸ்பேஸ் சோதனையை முடித்துவிடுங்கள். புதிய வேட்டைத் தோட்டாக்களை வாங்கி, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, அனுமதி பெற்ற சுடுகளத்தில் 25 மீட்டரில் தொடங்கி 100 மீட்டருக்குச் செல்லுங்கள். வெளிவரும் ஒவ்வொரு வெற்றுக்கூட்டையும் பொறுக்கிப் பாருங்கள். லீ-என்ஃபீல்டின் பூட்டுப் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் இருப்பதாலும் தோட்டா அறை தாராளமாகக் கடையப்பட்டிருப்பதாலும் கூடு சற்று நீளும். இது இதன் இயல்பு. ஆனால் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் ஓடினால், அந்த இடத்தில் பித்தளை மெலிந்து அறுபடப் போகிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்தப் பள்ளம் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டுப் பழுதாளரிடம் திரும்புங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து, வேட்டைக்குப் போய் உறைபனியிலிருந்து வீடு திரும்பும்போது, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று மீண்டும் சோதித்து, வெளியிலேயே உறையில் இட்டு மூடுங்கள். சூடான அறைக்குள் வந்தவுடன் உறையைத் திறந்தால், குளிர்ந்த இரும்பின்மேல் ஈரம் பனித்துளிபோல் படிந்து, கட்டைக்கு அடியில் புகுந்து, நீங்கள் நீக்கிய அதே துருவை மீண்டும் தொடங்கிவைக்கும். இரண்டு மூன்று மணிநேரம் மூடியே வைத்து, இரும்பு அறையின் வெப்பத்துக்கு வந்த பின்னர் திறந்து துடைத்து, எண்ணெய் தடவி, போல்ட்டைத் தனியாகக் கழற்றிப் பூட்டி வையுங்கள்.